பழைய பேஸ்பால் கார்டுகளை முழு செட்டாகச் சேர்ப்பது எப்படி? எந்த வருடத்திலிருந்து ஆரம்பிக்கலாம், எவ்வளவு செலவாகும்?

பேஸ்பால் கார்டு என்றால் ஆட்டக்காரர் படமும் எண்ணும் போட்டு, பபிள்கம் பாக்கெட்டோடு வந்த அட்டை. ஒரு வருடம் வந்த எல்லா எண்ணும் சேர்ந்தால் ஒரு செட். காசுக் கணக்கு மட்டும் பார்ப்பவராக இருந்தால், ஒவ்வொரு கார்டாகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். முழு செட்டாக விற்பவரிடம் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், அதுதான் மலிவு. கார்டு அரை டாலர், தபால் செலவு ஒன்றரை டாலர் என்று நூறு முறை வாங்கினால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. 1974-இல் டாப்ஸ் கம்பெனி போட்ட 660 கார்டுகளை ஒன்றொன்றாகச் சேர்க்க ஐந்து வருடம் ஆனது. மொத்தமாக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு. "ஏங்க, இந்த அட்டைக்குப் பதிலா ஒரு பிரிட்ஜ் வாங்கியிருக்கலாம்" என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். தெரிந்தேதான் செய்தேன், அதனால் சிரித்துக்கொண்டு போய்விடுவேன்.

ஆரம்பித்தது திட்டம் போட்டு இல்லை. அமெரிக்காவில் கிளீவ்லாந்து பக்கம் குடிவந்த புதிதில், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஏணி வாங்கப் போனவன் ஒரு ஷூ பெட்டியோடு திரும்பினேன். பத்து டாலர். உள்ளே நூற்றுத் தொண்ணூறு சொச்சம் கார்டுகள், சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் காய்ந்து பொடிப்பொடியாகிக் கடைசிக் கார்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளூர் அணியின் பந்துவீச்சாளர் கேலர்ட் பெர்ரியின் கார்டு மட்டும் மூன்று. எனக்கு அப்போது பேஸ்பாலில் ஸ்ட்ரைக் எது, பால் எது என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஆனால் சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவனுக்கு, எண் போட்ட அட்டையில் நடுவே எண்கள் விட்டுப்போயிருப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

சரி, எந்த வருடம் என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் சொல்வது 1952 டாப்ஸ். அதைக் கனவோடு விட்டுவிடுங்கள். மொத்தம் 407 கார்டு. அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியிட மாட்டார்கள். சீசன் நெடுக வரிசை வரிசையாக விடுவார்கள். 311 முதல் 407 வரையிலான கடைசி வரிசை வந்தபோது சீசன் முடியப் போகிறது, பையன்களின் கவனம் ஃபுட்பாலுக்குப் போய்விட்டது, கடைக்காரர்களும் வாங்கவில்லை. விற்காத பெட்டிகள் கிடங்கில் வருடக்கணக்காகக் கிடந்தன. 1960-இல் அவற்றைப் படகில் ஏற்றிப் போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த செட்டை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையின் முதல் கார்டு, எண் 311, நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டில். அதன் நல்ல பிரதி ஒன்று 2022-இல் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஒரே ஒரு அட்டை!

இப்படிக் கடைசி வரிசையில் வந்தவற்றைத்தான் சேகரிப்பவர்கள் 'ஹை நம்பர்' என்பார்கள். அறுபதுகளின் செட்களிலும் 73 வரையிலும் உங்கள் கழுத்தைப் பிடிக்கப் போவது இந்த ஹை நம்பர்தான். 1972 செட்டில் 787 கார்டுகள், அதில் 657-க்கு மேல் போனால் பெயரே கேள்விப்படாத ஆட்டக்காரருக்கும் விலை ஏறிவிடும். 1973-தான் இப்படி வரிசை வரிசையாக விட்ட கடைசி வருடம். 1974-இல் 660 கார்டுகளையும் ஒரே நேரத்தில் இறக்கினார்கள். அச்சுத் தாள் ஒன்றுக்கு 132 கார்டு, ஐந்து தாள், ஐந்து பெருக்கல் 132 என்றால் 660. ஆகவே எந்த எண்ணும் வேண்டுமென்றே அரிதாக்கப்பட்டதில்லை. முதல் செட்டுக்கு 74 அல்லது 75 எடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். 75-உம் 660 கார்டுதான், ஓரம் இரண்டு நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அதில் ஜார்ஜ் பிரெட், ராபின் யவுன்ட் இருவருடைய ரூக்கி கார்டும், அதாவது முதன்முதலாக வந்த கார்டும், இருப்பதால் பர்ஸ் கொஞ்சம் இளைக்கும்.

எனக்கு 74-தான் பிடிக்கும். முதல் கார்டையே பாருங்கள். ஹாங்க் ஆரன் படம், 'எல்லாக் காலத்துக்குமான புதிய ஹோம் ரன் மன்னர்' என்று கிரீடம் சூட்டியிருக்கிறார்கள். அச்சடித்தபோது அவர் மன்னர் ஆகவில்லை! ஹோம் ரன் என்றால் கிரிக்கெட் சிக்சர் மாதிரி. 1973 சீசன் முடிவில் அவர் கணக்கு 713, பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் சாதனை 714. 715-ஆவதை அடித்தது 1974 ஏப்ரல் 8-ஆம் தேதி. எப்படியும் அடித்துவிடுவார் என்ற தைரியத்தில் டாப்ஸ் முன்கூட்டியே பட்டாபிஷேகம் நடத்திவிட்டது. அடுத்த ஐந்து கார்டுகளும் அவருக்கே, 1954 முதல் அவருக்கு வந்த பழைய கார்டுகளின் குட்டிப் படங்களோடு.

அந்தத் தைரியம் இன்னொரு இடத்தில் காலை வாரிவிட்டது. சான் டியேகோ பாட்ரஸ் அணி வாஷிங்டனுக்குக் குடிபெயரப் போகிறது என்று எல்லோரும் நம்பிய சமயம் அது. புது அணிக்குப் பெயர்கூட வைத்தாகவில்லை. டாப்ஸ் காத்திருக்காமல் மேலே 'வாஷிங்டன்', கீழே அணியின் பெயர் வரவேண்டிய இடத்தில் அது ஆடும் லீக்கின் பெயரை மட்டும், 'நேஷனல் லீக்' என்று சுருக்கிப் போட்டு அச்சடித்துவிட்டது. ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் முதலாளி ரே கிராக் அணியை வாங்கி, சான் டியேகோவிலேயே வைத்துக்கொண்டார். டாப்ஸ் பாதியில் திருத்தியது. அதனால் அந்த அணியின் வில்லி மக்கோவி உட்பட 15 கார்டுகள் வாஷிங்டன் என்றும் சான் டியேகோ என்றும் இரண்டு வகையாக உலவுகின்றன.

இப்போது சொல்லுங்கள், முழு செட் என்றால் 660-ஆ, 675-ஆ? அணி மாறியவர்களுக்காக அந்த வருடமே பாக்கெட்டில் சேர்த்து விட்ட 44 'டிரேடட்' கார்டுகள்? எண்ணே இல்லாத 24 அணிப் பட்டியல் கார்டுகள்? பணத்தை எடுக்கும் முன்னால் 'முழுசு' என்றால் உங்களுக்கு எது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். எழுதாமல் ஆரம்பித்தால் எல்லை நகர்ந்துகொண்டே போகும். நான் 660 போதும் என்று எழுதினேன். மூன்றாம் வருடமே வாஷிங்டன் மக்கோவியை வாங்கிவிட்டேன் என்பது வேறு கதை.

இந்த 'முழுசு' பைத்தியத்தை வைத்துப் பிழைத்த கம்பெனிகளும் உண்டு. 1933-இல் பாஸ்டனைச் சேர்ந்த கௌடி கம்பெனி 240 எண் கொண்ட செட் போட்டது. அதில் 106-ஆம் எண்ணை அச்சடிக்கவே இல்லை. பையன்கள் அந்த ஒன்றுக்காகப் பபிள்கம் வாங்கி வாங்கிச் சலித்து, கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த வருடம் நாப் லஜுவே என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தை 106 என்று அச்சடித்து, புகார் எழுதியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். காகிதத்தோடு கிளிப் மாட்டி அனுப்பியதால், இன்று கிடைக்கும் லஜுவே கார்டுகள் பலவற்றில் அந்தக் கிளிப்பின் தழும்பு இருக்கும். தழும்பு இருக்கிறது என்பதற்காக அதன் விலை சாமானியர் எட்டும் தூரத்துக்கு இறங்கிவிடவில்லை.

அடுத்து, நிலைமை. எந்தத் தரத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும், வருடம்கூட அப்புறம்தான். ஒன்று முதல் பத்து வரை தரம் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. 74-இன் சாதாரண ஆட்டக்காரர் ஒருவர், மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தால் ஒரு டாலருக்குள் கிடைப்பார். அதே ஆளின் கார்டு பத்தாம் தரம் பெற்றிருந்தால் யானை விலை. மடிப்பு இல்லை, கிறுக்கல் இல்லை, மூலை மழுங்கலாம், இதுவே என் அளவுகோல். பாக்கெட் மெழுகுத் தாள் என்பதால் ஓரத்தில் இருந்த கார்டில் மெழுகுக் கறை இருக்கும், பபிள்கம் பட்ட கார்டில் பழுப்புக் கறை இருக்கும். இவற்றை நான் குறையாக நினைப்பதில்லை. முதல் எண் கார்டு மட்டும் எந்தப் பழைய செட்டிலும் கொஞ்சம் அடிபட்டேதான் இருக்கும். பையன்கள் எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போடும்போது மேலே இருந்து அடி வாங்கியது அதுதானே. 1952 செட்டில் முதல் எண்ணான ஆன்டி பாஃப்கோ என்ற ஆட்டக்காரரின் கார்டு நல்ல நிலையில் அவ்வளவு விலை போவதற்கு இந்த ரப்பர் பேண்டுதான் காரணம்.

ஒரு முறை ஏமாந்தேன். இணையத்தில் ஒருவரிடம் பிரபல பந்துவீச்சாளர் நோலன் ரையன் கார்டு வாங்கினேன். மூலைகள் கத்திபோல் கூர்மை, விலையும் பரவாயில்லை. வந்ததும் மற்றக் கார்டுகளோடு சேர்த்து மேசையில் தட்டி நேராக்கினேன். கட்டின் மேல் விளிம்பில் விரலை ஓட்டினால் ஓர் இடத்தில் மட்டும் பள்ளம். ரையன்தான். மழுங்கிய ஓரத்தை யாரோ சீவிவிட்டுக் கூர்மையாக்கியிருக்கிறார்கள், ஒரு மயிரிழை குட்டை. இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் என்பதை அளவுகோல் வைத்துப் பார்ப்பதைவிட, நம்பகமான ஐந்தாறு சாதாரணக் கார்டுகளோடு சேர்த்துத் தட்டிப் பார்ப்பதுதான் நல்ல சோதனை. ஐம்பது வருடக் கார்டுக்கு மூலை அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

வாங்குவதற்கு மாதாந்திரக் கார்டு சந்தைகள்தான் என் முதல் தேர்வு. ஹோட்டல் ஹாலிலோ பள்ளிக் கூடத்திலோ நடக்கும். இல்லாத எண்களை மட்டும் சின்ன எழுத்தில் எழுதி எடுத்துப் போங்கள். நீளமான வெள்ளை அட்டைப் பெட்டிகளில் எண் வரிசைப்படி அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முப்பது எண் அடிபடும். எழுந்திருக்கும்போது மொத்தமாக விலை கேளுங்கள், குறைப்பார். கடைசி நாற்பது எண்ணுக்குத்தான் ஈபே. வருடா வருடம் கோடையில் நடக்கும் தேசிய சந்தைக்கு ஒரு முறை போனேன். கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் அங்கே என்னைப்போல் அரை டாலர் கார்டு தேடுபவனுக்கு மரியாதை குறைவு.

வைப்பதற்கு ஒன்பது அறை கொண்ட பிளாஸ்டிக் பக்கங்கள், 660-க்கு 74 பக்கம் ஆகும். பழைய பிவிசி பக்கங்கள் சும்மா கிடைத்தாலும் வாங்காதீர்கள், நாளடைவில் கார்டில் ஒட்டிக் கெடுக்கும். பாலிப்ராப்பிலீன் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எதைக் கடைசியில் பிடிப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆரன், ரையன், பீட் ரோஸ், டேவ் வின்ஃபீல்டின் ரூக்கி, இவையெல்லாம் பணம் இருந்தால் இன்று மாலையே கிடைக்கும். எல்லா மேசையிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். யாருக்கும் வேண்டாத கார்டை யார் சந்தைக்குத் தூக்கி வருவார்கள்? அதனால் அதுதான் கண்ணில் படாது.

என்னை ஏழு மாதம் அலைக்கழித்தது ஆட்டக்காரர்கூட இல்லை, 414-ஆம் எண். 397 முதல் 528 வரையிலான பெயர்ப் பட்டியல் கார்டு. ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஒரு சின்னக் கட்டம், கார்டு கிடைத்ததும் டிக் போட வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கார்டே. பையன்களும் ஒழுங்காக டிக் போட்டார்கள். எனக்கோ கிறுக்கல் கூடாது என்ற சட்டம்.

கடைசியில் சுத்தமான ஒன்று கிடைத்தது. அது வரும்வரை பிளாஸ்டிக் பக்கத்தில் அதற்கான அறையில், ஷூ பெட்டியில் வந்த பழைய 414-ஐ வைத்திருந்தேன். பென்சில் டிக், சில கட்டங்களில் அழுத்திப் போட்டதில் பின்பக்கம் வரை தழும்பு. புதியதை முன்னால் செருகினேன், பழையதை எடுக்க மனம் வரவில்லை, அதே அறையில் பின்னால் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், அதை வைத்திருந்த பையன் 132-இல் 61 பிடித்திருக்கிறான். 456-க்கு முன்னால், அதாவது வின்ஃபீல்டுக்கு, கட்டம் காலி.