பழைய பென்சில்: யார் செய்தது?

கே: தாத்தாவின் வெள்ளித் திருகு பென்சிலில் ‘எஸ். மோர்டன் & கோ’ என்று பொறித்திருக்கிறது. எந்தக் காலத்தது?

ப: பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லண்டனில் சாம்ப்ஸன் மோர்டனும் ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் இந்த வகைப் பென்சிலுக்குக் காப்புரிமை பெற்றது 1822-இல். மோர்டன் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது 1941-இல். நடுவில் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, கடுகளவு முத்திரைகளைத் தேடுங்கள். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் (92.5% தூய) வெள்ளிக்கு, சிறுத்தைத் தலை லண்டனுக்கு, தனி எழுத்து ஆண்டுக்கு. அரசர் அல்லது அரசியின் தலையும் இருந்தால் பெரும்பாலும் 1890-க்கு முந்தையது. வரி கட்டியதற்கான அடையாளம் அது. ‘எஸ்.எம்.’, ‘ஜி.ஆர்.’ என்று இரண்டு ஜோடி எழுத்துகள் தென்பட்டால் உங்களுக்கு யோகம்தான். கேப்ரியல் ரிடில் பங்காளியாக இருந்த 1823–1837 காலத்துச் சரக்கு அது, சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள். சின்னப் பொருள் என்பதால் சில முத்திரைகள் இல்லாமலும் போகலாம். தயவுசெய்து விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் மழுங்குவது முத்திரைதான்.

கே: ‘எவர்ஷார்ப்’ பென்சில், கால்குலேட்டர் செய்யும் ஷார்ப் நிறுவனத்துடையதுதானே?

ப: இல்லை. எவர்ஷார்ப் அமெரிக்கச் சரக்கு. சார்லஸ் கீரன் வடிவமைத்ததை சிகாகோவின் வால் நிறுவனம் தயாரித்தது. அதே காலத்தில், 1915-ஐ ஒட்டி, ஜப்பானில் ஹயகாவா தொகுஜி உருவாக்கியது ‘எவர்-ரெடி ஷார்ப்’. 1923 பூகம்பத்தில் மனைவி மக்களையும் தொழிற்சாலையையும் இழந்த அவர், ஒசாகாவுக்குப் போய் வானொலிப் பெட்டி செய்யத் தொடங்கினார். நிறுவனத்தின் பெயர் அந்தப் பென்சிலிலிருந்து வந்தது. குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல, விற்பவர்களுக்கும் உண்டு.

கே: தங்கப் பென்சிலில் ‘டிஃபனி’ என்றிருக்கிறது. அவர்களே செய்ததா?

ப: அப்படி முடிவுகட்ட வேண்டாம். டிஃபனி, கார்டியே போன்ற கடைகளுக்கு நியூயார்க்கின் டபிள்யூ. எஸ். ஹிக்ஸ் நிறுவனம் செய்துகொடுத்ததுண்டு. பெரிதாகப் பொறித்திருப்பது விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம்.

கே: யார்ட்-ஓ-லெட் என்றால்?

ப: அதுவும் ஒரு திருகு பென்சில். மூன்று அங்குல லெட் (எழுதும் கரிக்குச்சி) பன்னிரண்டு உள்ளே அடங்கும், கூட்டினால் ஒரு கெஜம். 1934-இல் லண்டனில் வந்தது.

கே: பெயரே இல்லாத பென்சில். 0.5 மி.மீ. லெட் போட்டால் நழுவி விழுகிறது.

ப: துவாரத்தை அளந்து பாருங்கள். 1.18 மி.மீ. என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்க, ஆங்கிலேயப் பென்சில்களில் தேடலாம். 2 மி.மீ. லெட்டைத் தாடைகள் கவ்விப் பிடித்தால், ஜெனீவாவின் கரன் தாஷ் நிறுவனம் 1929-இல் கொண்டுவந்த ஃபிக்ஸ்பென்சில் வகையோடு ஒப்பிடுங்கள். 0.5 பரவியது 1960-களில், ஜப்பானிலிருந்து. முனையைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள்; சிலர் பெயரை அங்கேதான் பொறித்தார்கள்.