ஓமன் மணலில் வாடகை ஃபோர் வீல்: தோட்டத்து அனுபவம் போதுமா?

வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் தினமும் ஹைலக்ஸ் ஓட்டுகிற நீங்கள், டிசம்பரில் பிள்ளைகளோடு ஓமன் போய் வாஹிபா மணல்வெளியில் ஓட்ட வாடகை வண்டி எடுக்கலாமா, வாடகை ஒப்பந்தத்தில் 'சாலையை விட்டு இறங்கக்கூடாது' என்று இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வரியை லேசாக எடுக்காதீர்கள். ஃபோர் வீல் கொடுத்தார்கள் என்பதற்காக மணலில் இறங்க அனுமதி என்று ஆகாது. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் எல்லாம் பெரும்பாலும் காப்புறுதியில் வராது. மணலுக்குப் போகலாமா என்று வாடகை நிறுவனத்திடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் "ஓகே பாஸ்" என்றால் செல்லாது.

ஓட்டுவது? சேற்றுப் பழக்கம் பாதிதான் உதவும். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 15, 18 அளவுக்கு இறக்க வேண்டும். டயர் அகலமாகப் படிந்தால்தான் புதையாது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்பணும், அதனால் வண்டியில் கம்ப்ரெசர் இருக்கிறதா பாருங்கள். குன்றில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், குறுக்கே போனால் வண்டி உருளும். சிக்கினால் எண்ணெயை (ஆக்சிலேட்டரை) அழுத்தாதீர்கள், இன்னும் தோண்டிக்கொள்ளும். வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள்.

அப்புறம், அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். ஜேபிஜே-யில் (நம்ம சாலைப் போக்குவரத்து இலாகாவில்) அனைத்துலக லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்.

ஒற்றை வண்டி, சின்னப் பிள்ளைகள் என்றால் நான் மணல்வெளியின் விளிம்பில் இருக்கும் பிடியா ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, தங்கும் முகாமின் வண்டியை வரச் சொல்வேன்.