சி மொழில கோடு எழுதுறவங்க "த்ரீ ஸ்டார் புரோகிராமர்"னு கிண்டல் பண்றாங்களே, அது என்ன? மூணு பாயின்டர் போட்டா தப்பா?

பாராட்டு இல்லைங்க அது. வேரியபிள் பேருக்கு முன்னாடி நட்சத்திரக் குறி மூணு வரிசையா நின்னா, அதாவது பாயின்டருக்கு பாயின்டருக்கு பாயின்டர், அத எழுதுனவங்களுக்கு வெச்ச பேரு. பாயின்டர்னா இன்னொரு வேரியபிளோட மெமரி அட்ரஸ வெச்சிருக்குற வேரியபிள்.

ரெண்டு ஸ்டார் சாதாரண விஷயம். மெயின் ஃபங்ஷனுக்கு வர்ற ஆர்க்வியே (argv, கமாண்ட் லைன்ல குடுக்குற ஸ்ட்ரிங் லிஸ்ட்) கேர் ஸ்டார் ஸ்டார்தான் (char **). சி-ல எல்லாமே பாஸ் பை வேல்யூ, அதாவது ஃபங்ஷனுக்குப் போறது காப்பிதான், அதனால நம்ம பாயின்டர இன்னொரு ஃபங்ஷன் மாத்தணும்னா அதோட அட்ரஸ குடுத்தே ஆகணும். லினக்ஸ உருவாக்குன லைனஸ் டோர்வால்ட்ஸ் 2016 டெட் (TED) பேச்சுல லிங்க்டு லிஸ்ட்ல (பாயின்டரால ஒண்ணோட ஒண்ணு கோத்த நோடுகள்) இருந்து ஒரு நோட எடுக்குற கோடு காட்டுவாரு, முதல் நோடுக்குன்னு தனியா இஃப் போடாம ரெண்டு ஸ்டார்லயே முடிச்சிருப்பாரு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கோடு அது.

மூணாவதும் அதே காரணத்துக்குத்தான் வருது. ஸ்ட்ரிங் லிஸ்ட் ஒண்ண இன்னொரு ஃபங்ஷன் ரீஅலாக் (அதுக்கான மெமரி அளவ மாத்துறது) பண்ணிப் பெருசாக்கணும்னா மூணு ஸ்டார் தானா வந்து நிக்கும். கம்பைலருக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, 12 அடுக்காவது தாங்கணும்னு சி89 ஸ்டாண்டர்டே (சி மொழியோட 1989 விதிமுறை) சொல்லுது. படிக்கிற நமக்குத்தான் எந்த அடுக்க யாரு ஃப்ரீ பண்ணணும், எது நல் (NULL, எதையும் காட்டாத) பாயின்டரா இருக்கலாம்னு ஒண்ணும் பிடிபடாது.

நான் ரெண்டு நாள் தேடுன பக் ஒண்ணு சொல்றேன். லிஸ்டோட ஐ-யாவது (i) இடத்துல எழுதணும், ஆனா கோடுல ஸ்டாரும் பேரும் சதுர அடைப்பும் மட்டும் இருந்துச்சு, ஸ்டாரையும் பேரையும் சேர்த்து வட்ட அடைப்புக்குள்ள போடல. சதுர அடைப்புக்குத்தான் முன்னுரிமை ஜாஸ்தி, அதனால முதல்ல இன்டெக்ஸ், அப்புறம்தான் டீரெஃபரன்ஸ் (ஸ்டார் வழியா அந்த அட்ரஸுக்குப் போறது). ஐ பூஜ்யமா இருந்தா ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும்! அதனால ஒரே ஒரு ஸ்ட்ரிங் போட்டு டெஸ்ட் பண்ணா பாஸ், ரெண்டாவது ஸ்ட்ரிங் வந்தவுடனே சம்பந்தமே இல்லாத மெமரில போய் எழுதும், அதுவும் உடனே க்ராஷ் ஆனா பரவால்ல, எங்கேயோ தள்ளிப் போய் ஆச்சு. ரெண்டு விதமா எழுதுனாலும் டைப் ஒண்ணுதாங்கறதால கம்பைலர் வார்னிங் கூட இல்ல.

அப்புறம் லிஸ்டையும் கவுண்டையும் ஒரு ஸ்ட்ரக்டுக்குள்ள (பல வேரியபிள ஒண்ணா கட்டி வெக்கிற டைப்) வெச்சு, அந்த ஸ்ட்ரக்டுக்கு ஒரே ஒரு பாயின்டர் அனுப்புனேன். மெமரில அதே மூணு தாவல்தான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் இருக்கு. அதனால தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், மூணாவது ஸ்டார் போடப்போறீங்கன்னா அந்த இடத்துல ஒரு ஸ்ட்ரக்ட் வருமான்னு மட்டும் பாருங்க. பழைய கோடுல ஏற்கெனவே இருந்தா முதல்ல வட்ட அடைப்ப செக் பண்ணுங்க.