ஜெர்மானிஸ்டிக் என்றால் என்ன? பல்கலைக்கழகத்தில் அதில் என்ன படிப்பார்கள்?

ஜெர்மன் மொழி, இலக்கியம், அவற்றோடு பின்னிய பண்பாடு ஆகியவற்றை ஆராயும் படிப்புதான் ஜெர்மானிஸ்டிக். ஜெர்மனியில் இது பொதுவாக மூன்று பிரிவாக இருக்கும்: மொழியியல், இடைக்கால இலக்கியம், நவீன இலக்கியம்.

இப்படி ஒரு துறை ஏன் உருவானது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பல அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. 1871இல்தான் ஒன்றானது. அதுவரை அம்மக்களை இணைத்தவற்றில் முக்கியமானது மொழி. அதனால்தான் யாக்கோப் கிரிம் போன்ற மொழி அறிஞர்கள் இலக்கணத்தையும் பழைய ஏடுகளையும் அவ்வளவு தீவிரமாகத் தேடிப் படித்தார்கள்.

பழைய கூட்டுக்குடும்ப வீட்டில் குடியிருப்பது வேறு. எந்த அறையை யார், எப்போது, எதற்காகக் கட்டினார்கள் என்று துருவிப் பார்ப்பது வேறு. ஜெர்மானிஸ்டிக் இரண்டாவது வகை.

எனக்கு மிகவும் பிடித்தது இடைக்காலப் பகுதி. 1200ஐ ஒட்டி எழுந்த நிபெலுங்கன் காவியத்துக்கு மூன்று முக்கியக் கையெழுத்துப் படிகள் உண்டு. அவற்றில் ஒன்று, கணவனைக் கொன்றவர்களைப் பழிவாங்கும் கிரீம்ஹில்டிடம் கூடுதல் பரிவு காட்டுகிறது. படியெடுத்தவர் எங்கே, ஏன் மாற்றினார் என்று வரிவரியாக ஒப்பிடுவார்கள். அருமையான வேலை அது!

அப்புறம், ஜெர்மன் பேசக் கற்றுத்தரும் படிப்பு இது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாடுகளில் சில இடங்களில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்கள். ஜெர்மனியிலோ, பொதுவாகச் சேரும்போதே நல்ல ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும்.