நாய்க்கடி ஊசி ஒரு தவணை தவறினால் மறுபடி முதலில் இருந்தா?

கேள்வி: 8 வயது மகளைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்தது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டோம், 3-ஆம் நாளும் போட்டோம். 7-ஆம் நாள் போனால் ‘மருந்து இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று 9-ஆம் நாள். நாய் நன்றாகத்தான் இருக்கிறது. தெரிந்த ஒருவர், ‘போட்டதெல்லாம் வீண், இம்யூனோகுளோபுலின் வாங்கித் தருகிறேன்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: எதுவும் வீணாகவில்லை. முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம். இன்றைக்கே போய் விட்ட தவணையைப் போடுங்கள். அங்கே இல்லையென்றால் தாலுகா மருத்துவமனைக்குப் போங்கள். கடைசி ஊசிக்கான தேதியையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ரேபிஸ் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடித்த சதையில் இருந்து நரம்பைப் பிடித்து மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் 2, 3 மாதம் பிடிக்கும். தடுப்பூசியில் இருப்பது செத்த கிருமி. அதைப் பார்த்து உடம்பு எதிர்ப்பைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் இம்யூனோகுளோபுலின். அது ஏற்கெனவே தயாரான எதிர்ப்பு; காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். ரத்தம் வந்த கடிக்கு முதல் நாளே போட்டிருக்க வேண்டும். ஏன் போடவில்லை, எங்கே கிடைக்கும் என்று ஏன் சொல்லவில்லை? கேட்கவே ஆத்திரமாக இருக்கிறது. ஆனால் முதல் ஊசி போட்டு 7 நாள் தாண்டிய பிறகு அது தேவையில்லை; மகளின் உடம்பே தயாரிக்க ஆரம்பித்திருக்கும். இப்போது அதை விற்க வருபவர் உங்கள் பயத்தைக் காசாக்குகிறார். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியவை. சட்டைப்பையில் குப்பியைக் கொண்டுவந்து நீட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன். வாங்காதீர்கள். வேர் கட்டுவது, மிளகாய்ப்பொடி வைப்பது எதுவும் வேண்டாம்.

நாய் நன்றாக இருப்பது நல்ல சேதி. கடித்தபோது எச்சிலில் கிருமி இருந்திருந்தால் 10 நாளுக்குள் அதற்கு நோய் தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் பார்ப்பது கடித்த அதே நாய்தானா? தெருவில் ஒரே மாதிரி நாய் எத்தனை! அதை நம்பி ஊசியை நிறுத்தாதீர்கள்.

அப்புறம், தவணைகளை முழுசாக முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0) 2 தவணை போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். உடம்பு அந்தக் கிருமியை ஞாபகம் வைத்திருக்கும். ஆனால் முடித்ததற்குச் சீட்டு வேண்டும். ‘சின்ன வயசில் போட்ட ஞாபகம்’ என்றால் முழுசாகப் போட வேண்டியதுதான். பாதியில் நிறுத்தியவருக்கும் அப்படித்தான். அதனால் கடைசி ஊசி போட்டதும் சீட்டை மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.