கொரோனா காலத்தில் குழந்தைகளுக்குக் குடல்வால் வெடிப்பது அதிகமானது உண்மையா? வைரஸ்தான் காரணமா?

பல நாடுகளின் மருத்துவமனைகளில் அதிகமானது உண்மைதான். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. வித்தியாசமே தெரியாத மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் அதிகமான இடங்களில் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது வைரஸ் அல்ல, தாமதம். நான் குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியர். 2020-இல் எங்களிடம் வந்த பெற்றோர் பலரும் சொன்னது ஒன்றே: "ஆஸ்பத்திரிக்கு வந்தால் தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்து காத்திருந்தோம்."

அப்பெண்டிசைட்டிஸுக்கு, அதாவது குடல்வால் அழற்சிக்கு, அந்தப் பொறுமை கிடையாது. வலி தொடங்கி ஒன்றரை, இரண்டு நாள் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இன்னும் மோசம். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வெடித்தால் சீழைச் சுற்றி வளைத்து அடக்கும் கொழுப்புத்திரையும் அந்த வயதில் சரியாக வளர்ந்திருக்காது. வெடித்ததும் சிறிது நேரம் வலி குறைவதும் உண்டு. வீட்டில் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். போனில் வைத்தியம் பார்த்ததும் ஒரு சிக்கல்தான். வீடியோவில் வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாதே! காய்ச்சல் என்றதும் முதலில் கொரோனா டெஸ்ட், வயிறு அப்புறம்.

இங்கே ஒரு கணக்கையும் கவனிக்க வேண்டும். சில இடங்களில் வெடித்த கேஸ்களின் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. லேசான கேஸ்கள் வருவதுதான் குறைந்தது. அப்போதும் சதவீதம் தானாக ஏறும். வராத அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள்? லேசான அழற்சி சிலருக்குத் தானாகவே அடங்கியிருக்கலாம் என்று நினைக்கும் அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. அதற்காக வீட்டில் காத்திருந்து பார்க்காதீர்கள். எது அடங்கும், எது வெடிக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது.

ஆரம்ப மாதங்களில் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில்) வெளிவரும் வாயுவால் தொற்று பரவுமோ என்ற பயமும் இருந்தது. அதனால் வெடிக்காத கேஸ்களுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பது பல இடங்களில் கூடியது. நிறைய பேருக்குப் பலித்தது. சிலருக்குத் திரும்ப வந்து ஆபரேஷன் ஆனது. குடல்வாலுக்குள் மலக்கல் (கல்போல் இறுகிய மலம்) அடைத்திருந்தால் மருந்து தோற்க வாய்ப்பு அதிகம்.

வைரஸின் நேரடிப் பங்கு என்றால் எம்ஐஎஸ்-சி என்ற அழற்சி நோயைச் சொல்லலாம். தொற்று வந்து 2 முதல் 6 வாரத்தில் காய்ச்சல், வாந்தி, கடுமையான வயிற்றுவலி என்று அச்சு அசலாகக் குடல்வால் மாதிரியே வரும். அப்படி நினைத்து ஆபரேஷன் செய்தவர்களும் உண்டு. இந்த நோய் இதயத்தையும் தாக்கலாம் என்பதால், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு இருந்தால் இதயத்தையும் பார்ப்பார்கள்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, சாப்பாடு பிடிக்காமை, குதிக்கச் சொன்னால் வலியால் மறுப்பது போன்ற அறிகுறிகள் இருந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். கொரோனா பாசிட்டிவ் என்று வந்துவிட்டாலும், வயிற்றை ஒரு மருத்துவர் தொட்டுப் பார்க்கும்படி கேளுங்கள்.