நான்கு மாதமாகப் பதில் இல்லை: கட்டுரையை மீளப் பெறலாமா?

கேள்வி: வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறேன். எங்கள் கரையோரக் கிணறுகளின் உவர்த்தன்மை பற்றிய கட்டுரையை ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பி 4 மாதமாகிறது. 'அண்டர் ரிவியூ' (மதிப்பீட்டில் உள்ளது) என்றே நிற்கிறது. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் 10 மாதம் உண்டு; அதற்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட வேண்டும். 300 டொலர் கட்டினால் 7 நாளில் வெளியிடுவதாக இன்னொரு சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதை மீளப் பெற்று அங்கே அனுப்பலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மீளப் பெறாதீர்கள். அந்த 300 டொலரையும் கட்டாதீர்கள்.

நான்கு மாதம் என்பது உங்களுக்கு நீண்ட காலம்; சஞ்சிகை உலகில் அது வழமை. 2013இல் பியோர்க், சொலமன் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, கட்டுரை அனுப்பியதிலிருந்து வெளிவரும்வரை இரசாயனவியலில் சராசரியாக 9 மாதமும், வணிகம், பொருளியல் துறைகளில் 18 மாதமும் சென்றன. உங்கள் கட்டுரைக்கு அடுத்த மாதம் முதல் முடிவு வந்து, திருத்த ஒரு மாதமும் மறுமதிப்பீட்டுக்கு ஒன்றரை மாதமும் போனாலும் உங்கள் 10 மாதத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும். இப்போது மீளப் பெற்றால் கடந்துபோன நான்கு மாதமும் வீண். புதிய இடத்தில் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

இவ்வளவு காலமும் கட்டுரைக்கு என்னதான் நடக்கிறது? அதை வாசிக்க எடுக்கும் நேரம் கொஞ்சந்தான். வாசிக்க ஆள் தேடுவதில்தான் மாதங்கள் கழிகின்றன. கட்டுரையை வாசித்துத் தரம் பார்க்கும் துறைசார் மதிப்பீட்டாளருக்குப் பொதுவாகச் சம்பளம் இல்லை. இரண்டு பேர் தேவையென்றால் பதிப்பாசிரியர் ஆறு, எட்டுப் பேரைக்கூடக் கேட்க நேரிடும். சிலர் மறுப்பார்கள், சிலர் பதிலே போடமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம், பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கேட்பார்கள். ஒப்புக்கொண்டவருக்குப் பொதுவாக 2 முதல் 4 வாரத் தவணை. அதையும் பலர் தாண்டுவார்கள். ஐரோப்பியச் சஞ்சிகையென்றால் ஜூலை, ஓகஸ்ட் விடுமுறையிலும் நத்தாரை ஒட்டியும் வேலை மெதுவாகும்.

பல சஞ்சிகைகளின் இணையத்தளங்களில் கட்டுரையின் நிலைக்குப் பக்கத்தில் ஒரு திகதி இருக்கும். 'அண்டர் ரிவியூ' மாறாமல் திகதி மட்டும் மாறினால் யாரோ ஒப்புக்கொண்டிருக்கலாம், மறுத்திருக்கலாம், அறிக்கை அனுப்பியிருக்கலாம். எதுவானாலும் கோப்பு அசைகிறது. எல்சவியர் பதிப்பகத்தின் சஞ்சிகையானால் கட்டுரையைப் பின்தொடரும் பக்கத்தில் எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள், எத்தனை அறிக்கை வந்தன என்றும் பார்க்கலாம். திகதி இரண்டு மாதமாக அசையவில்லையென்றால் கவனிக்க வேண்டிய விடயம்.

மூன்று மாதம் கடந்துவிட்டதால் விசாரிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதிப்பாசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலின் தலைப்பு வரியில் கட்டுரை இலக்கத்தைப் போடுங்கள். உள்ளே கட்டுரைத் தலைப்பு, அனுப்பிய திகதி, இப்போதைய நிலை, 'முடிவை எப்போது எதிர்பார்க்கலாம்?' என்ற ஒரே கேள்வி. பட்டத் தவணையைச் சொல்லி இரங்கச் சொல்ல வேண்டாம். அதைக் கொண்டு பதிப்பாசிரியர் எதையும் விரைவுபடுத்த முடியாது. தகுந்த மதிப்பீட்டாளர்கள் சிலரின் பெயர்களைத் தர முடியும் என்று ஒரு வரி சேர்ப்பதுதான் உண்மையில் உதவும். உங்கள் பல்கலைக்கழகத்தவரோ, உங்களுடனோ மேற்பார்வையாளருடனோ அண்மையில் சேர்ந்து எழுதியவர்களோ கூடாது. நீங்கள் சொல்லும் மதிப்பீட்டாளர்களின் நிறுவன மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். போலி முகவரிகளில் போலி மதிப்பீடு எழுதி அகப்பட்ட மோசடிகளுக்குப் பிறகு, ஜிமெயில் முகவரியைக் கண்டாலே பதிப்பாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள்.

பதில் வராவிட்டால் நான்கு வாரம் கழித்து இன்னொரு தடவை எழுதுங்கள். அதற்கும் மௌனமென்றால் அப்போது மீளப் பெறுவது நியாயம். ஆனால், கட்டுரை விடுவிக்கப்பட்டது என்று அவர்கள் எழுத்தில் உறுதிப்படுத்தும் முன் வேறெங்கும் அனுப்பாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு சஞ்சிகைகளில் இருப்பது தெரிந்தால் இரண்டுமே நிராகரிக்கும்; மேற்பார்வையாளரின் பெயரும் கெடும்.

ஏழு நாள் விடயத்துக்கு வருவோம். ஆள் தேடவே வாரங்கள் ஆகும் வேலையை ஏழு நாளில் முடிப்பதாகச் சொல்பவர், மதிப்பீடே செய்யப்போவதில்லை. ஆய்வுச் சஞ்சிகைகளின் தரவுத்தளமான 'ஸ்கோப்பஸில் இருக்கிறோம்' என்று அவர்கள் சொன்னாலும் நம்பாமல், ஸ்கோப்பஸின் சஞ்சிகைப் பட்டியலில் ஐ.எஸ்.எஸ்.என். எனப்படும் சஞ்சிகை அடையாள இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள், இடையில் நீக்கப்பட்டவையும் உண்டு. உண்மையான சஞ்சிகையின் பெயரையும் இலக்கத்தையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஒருமுறை வெளிவந்துவிட்டால் அதே கட்டுரையை நல்ல இடத்தில் போடவே முடியாது. கிணறு கிணறாக நீர் மாதிரி எடுத்த உழைப்பு அதோடு முடங்கிவிடும். எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய நல்ல திறந்த அணுக்கச் சஞ்சிகைகளும் கட்டணம் வாங்குவதுண்டு, ஆனால் வழக்கமாக ஏற்றபின்புதான். இலங்கையருக்குச் சலுகை உண்டா என்று அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்த கட்டுரைக்குச் சஞ்சிகை தேடும்போது, முகப்பில் போட்டிருக்கும் 'முதல் முடிவுக்கு இத்தனை நாள்' என்ற எண்ணில் மயங்க வேண்டாம். மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் முதல் வாரத்தில் திருப்பியவற்றையும் அதில் சேர்த்திருந்தால் எண் குறைவாகவே தெரியும். அண்மையில் வந்த பத்துக் கட்டுரைகளைத் திறந்து, கிடைத்த திகதிக்கும் ஏற்ற திகதிக்கும் இடையிலுள்ள நாட்களை நீங்களே எண்ணுங்கள். இதிலும் ஒரு சிக்கல்: நிராகரித்து 'புதிதாக அனுப்புங்கள்' என்று சொன்ன கட்டுரைகளுக்குக் கடிகாரம் மறுபடி தொடங்கியிருக்கும்.

அந்த அடுத்த கட்டுரையைத் தமிழில் எழுதி இங்குள்ள பல்கலைக்கழகச் சஞ்சிகைக்கு அனுப்புவதானால் யூனிகோடில் தட்டச்சுச் செய்யுங்கள். பாமினியில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுக் கட்டுரையும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் திறக்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தாலோ, இடையிலுள்ள ஆங்கில மேற்கோள்களும் அலகுகளும் தமிழெழுத்தாகச் சிதையும். அதைச் சரிசெய்வதிலேயே வாரங்கள் போகும். உள்ளூர்ச் சஞ்சிகைகளை நடத்துபவர்கள் விரிவுரையாளர்களே. பரீட்சைக் காலத்தில் அவர்களிடம் வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

திருத்தச் சொல்லி வந்தால் அதற்குப் பிறகு தாமதம் உங்கள் கையில். சிறு திருத்தத்துக்கு 2 முதல் 4 வாரம், பெரியதற்கு 1 முதல் 3 மாதம் தருவார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே பதிலையும், மாற்றிய இடத்தின் பக்க, வரி எண்ணையும் எழுதுங்கள். மதிப்பீட்டாளர் தேடாமல் கண்டுபிடித்தால் இரண்டாம் சுற்று விரைவில் முடியும். தவணை போதாதென்றால் அது முடியும் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். பிந்தினால் புதிய கட்டுரையாகக் கணக்கெடுத்துவிடுவார்கள்.

இந்த வாரம் பீடத்தில் ஒன்றை எழுத்தில் கேட்டு வையுங்கள்: ஆய்வேட்டுக்கு ஏற்புக் கடிதம் போதுமா, அல்லது டி.ஓ.ஐ. எனப்படும் கட்டுரையின் நிலையான அடையாள இலக்கத்தோடு இணையத்தில் வந்திருக்க வேண்டுமா? இரண்டுக்கும் இடையில் பல வாரங்கள் போகலாம். ஏற்றபின் பிழை பார்க்க வரும் அச்சுப்படியை 48 மணி நேரத்தில் திருப்பச் சொல்வார்கள், அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுவதும் வழமை. அங்கேயும் தினமும் பாருங்கள்.